டீ மாத்திரை

அந்தப் பேச்சு நடந்தது ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், துணை சுகாதார நிலையத்தின் வாசல் பெஞ்சில். வானதிக்கு அது வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. யார் முதலில் வாய் திறந்தார்கள், யார் எங்கே தயங்கினார்கள், எந்த இடத்தில் தான் தலையாட்டினாள் என்பது வரைக்கும்.

தங்கமணிதான் ஆரம்பித்தாள். வயர்கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்காராமலே சொன்னாள்.

“சிஸ்டர், இந்த மாசமும் என் பேருக்கு நேரா செவப்புதான் காட்டும். கூட்டத்துல வச்சு நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.”

வானதி அந்த ஊருக்கு நர்ஸாக வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தங்கமணி அந்த ஊரின் சுகாதாரத் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, டாக்டர் எழுதிய மாத்திரையை மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு, செல்போனில் பதிவது அவள் வேலை. பதியாமல் விட்டுப்போன பெயர்கள் சிவப்பில் நிற்கும். அந்தச் சிவப்புக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவள் வானதி.

“எத்தனை பேரு விட்டுப்போச்சுக்கா?”

“பதிமூணு. எல்லாம் நடவுக் கூட்டந்தான். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வண்டியேறிடுறாங்க. நான் ஏழு மணிக்குப் போனா வீடு பூட்டிக் கெடக்கு. பொழுதுசாயப் போனா சுருண்டு படுத்துக் கெடக்குதுங்க. எழுப்புனா கடிக்க வருதுங்க.”

“வீட்டுல வச்சுத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்காங்களே.”

“வீட்டுல ஆளே இல்லன்னா செவுத்துக்கா பிரஷர் பாக்குறது?”

வானதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் தங்கமணி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஒரு யோசனை சொல்றேன், கேளுங்க. நானும் வாரத்துல நாலு நாளு நடவுக்குப் போறவதானே? டீ குடிக்கக் கரையேறுவோம் பாருங்க, அப்ப வரப்புல வச்சே குடுத்துடுறேன். மாசத்துக்கு மொத்தமாக் குடுத்தா பாதியைப் புருசனுக்குக் குடுத்துடுதுங்க. மீதி மறந்து போவுது. தெனம் கையில வச்சு, முழுங்குற வரைக்கும் நின்னு பாத்தா, ஒரு மாத்திரை வீணாவாது.”

“நீங்க போகாத நாளு?”

“பஞ்சநதம் அண்ணன்ட்ட குடுத்து வைக்கிறேன். நடவு காண்ட்ராக்ட் எடுக்குறவரு. டீயும் அவருதான் ஊத்துவாரு. டீயோட சேத்துக் குடுத்துடுவாரு.”

வானதி தலையாட்டினாள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டாள்.

“அவங்க வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறாங்களா? விசாரிச்சீங்களா?”

“ஒவ்வொருத்தியாக் கேட்டேங்க. ஒண்ணும் கெடையாது.”

“சரிக்கா. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிறேன்.”

இவ்வளவுதான். பத்து நிமிடம் இருந்திருக்கும். அதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. வானதிக்கு இன்றுவரை உறுத்திக்கொண்டே இருப்பது அதுதான்.

தங்கமணி பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளத்தில் வேலை பார்க்கும் வீட்டில். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு நாற்றின் தலை எது, வேர் எது என்றுதான் தெரியும், நடத் தெரியாது. “உப்பு வாருன கை, நெல்லு வெளங்குமா?” என்று புகுந்த வீட்டில் கேலி செய்தார்களாம். ஒரே குறுவையில் கற்றுக்கொண்டு, அடுத்த குறுவையில் கேலி செய்தவர்களை முந்தி நட்டாள். புருஷன் துரைராசு குவைத்தில் லாரி ஓட்டுகிறார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

மகளிர் குழுவில் கணக்கும் தீர்மானமும் எழுதிக்கொண்டிருந்ததால் தன்னார்வலர் வேலைக்கு அவள் பெயரைச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. “டாக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி” என்றார்கள். அவள் அதற்கெல்லாம் அசரவில்லை. ரத்த அழுத்தக் கருவியைத் துவாலையில் சுற்றி, பிள்ளையைக் கிடத்துவதுபோல் கூடையில் கிடத்திக்கொண்டு போவாள். ஊருக்குள் டவர் எடுக்காது. நோட்டில் எழுதிவந்து, குளத்துக் கரையில் ஒரு குறிப்பிட்ட மருத மரத்தடியில் நின்று செல்போனில் ஏற்றுவாள். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களின் மாத்திரை அட்டையில் நூல் கட்டிவிடுவாள். வெள்ளை நூல் காலைக்கு, கறுப்பு நூல் ராத்திரிக்கு. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. வட்டார மருத்துவ அலுவலராக இருந்த டாக்டர் பூர்ணிமா அதைப் பார்த்துவிட்டு, மற்ற ஊர்த் தன்னார்வலர்களையும் அப்படியே செய்யச் சொன்னார்.

வானதி தஞ்சாவூரில் ஆங்கில வழியில் படித்து வந்தவள். வயது இருபத்தேழு. அதிகம் பேசமாட்டாள். “எங்க சிஸ்டர் வாயத் தொறந்தா பேலன்ஸ் கொறைஞ்சிடும்னு பயப்படுறாங்க” என்று தங்கமணி அவள் எதிரிலேயே சொல்லுவாள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. வானதிக்கு ஊர் தெரியாது. தங்கமணிக்கு மருந்து தெரியாது. யார் வீட்டில் எந்த மாத்திரை அரிசிப்பானைக்குள் கிடக்கிறது என்று தங்கமணி சொல்ல, அதை ஏன் நிறுத்தக்கூடாது என்று வானதி சொல்ல, இரண்டையும் சேர்த்து அந்த வீட்டில் போய்ச் சொல்ல ஒரு வாய் இருந்தது. தங்கமணியின் வாய்.

மேலிருந்து வரும் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைத் தன்னார்வலர்களுக்குத் தமிழில் எடுத்துச்சொல்வது வானதியின் பொறுப்பு. ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றிய ஒரு சுற்றறிக்கையில், வலி மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடுவதைப் பற்றி மூன்று வரிகள் இருந்தன. அன்றைக்குக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் எழுந்துவிட்டார்கள். வானதி அந்த மூன்று வரிகளையும் ஒரே கேள்வியாகச் சுருக்கினாள். ‘வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறாங்களான்னு கேட்டுக்கங்க.’ தங்கமணி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டபடியே போய்க் கேட்டாள்.

வயலில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்து பத்து நாள் கழித்து, பார்த்துவருவோம் என்று வானதி ஸ்கூட்டரில் போனாள். வடக்கேயிருந்து ரயிலேறி வரும் ஆண்கள் கூட்டம் இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தில் நடவு நடுகிறது. கயிறு பிடித்து, பாட்டு வைத்துக்கொண்டு, ஒரே நாளில் ஏக்கர் ஏக்கராக முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஈடுகொடுத்தால்தான் இந்த ஊர்ப் பெண்களுக்கு அடுத்த வயல். இருபத்திரண்டு பேர் குனிந்த முதுகு நிமிராமல் பின்வாங்கிப் பின்வாங்கி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குப் பஞ்சநதம் குரல் கொடுத்ததும் கரையேறினார்கள். ஏறியவர்களில் பாதிப் பேர் இடுப்பில் கைவைத்து, நிமிர முடியாமல் நிமிர்ந்தார்கள்.

“ஏ, நர்சம்மாவுக்கு ஒரு முடி நாத்தக் குடுங்கடி. நட்டுப் பாக்கட்டும்” என்றாள் ராஜாத்தி. துரைராசுவின் சித்தப்பா மகள். முப்பத்தெட்டு வயது. கூட்டத்திலேயே வேகமான கை அவளுடையது.

“சும்மா இரு ராசாத்தி. அவங்க நட்டா, நீ ஊசி போடப் போறியா?” என்றாள் தங்கமணி.

“போடுவேன் அண்ணி. மொத ஊசி உங்களுக்குத்தான்.”

வானதி கொண்டுபோயிருந்த தண்ணீர்க் கேனை நீட்டினாள். ஒருவரும் வாங்கவில்லை. ராஜாத்திதான் காரணம் சொன்னாள்.

“தண்ணி குடிச்சா ஒதுங்கணும்ல சிஸ்டர். நாலு பக்கமும் வயலு, அந்தால ரோடு. எங்க ஒதுங்குறது? வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவோம்.”

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். வானதியும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறாள்.

பஞ்சநதம் டீ ஊற்றினார். வலது கையால் டம்ளரை நீட்டியபடி, இடது கையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பின்னாலேயே தங்கமணியும் தன் கூடையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு போனாள். எல்லோரும் ஒரே மடக்கில் விழுங்கினார்கள். பஞ்சநதம் தங்கள் மாத்திரையைத்தான் கொடுக்க உதவுகிறார் என்று வானதி எடுத்துக்கொண்டாள். அப்படித்தானே பேச்சு. ராஜாத்தியின் விரிந்த உள்ளங்கையை அவள் போட்டோ எடுத்தாள். வட்டாரக் கூட்டத்தில் அந்தப் போட்டோவைத் திரையில் காட்டினார்கள். முப்பது பேர் பார்த்தார்கள். அதில் டாக்டர்கள் நான்கு பேர். கைதட்டினார்கள். சிவப்பு எல்லாம் பச்சையாகிவிட்டது.

ஒரு வருடம் அப்படியே போயிற்று. குறுவை, அதன் பின்னால் சம்பா, களையெடுப்பு, உளுந்து. தங்கமணி சொன்னபடியே செய்தாள். ஒரு மாத்திரை வீணாகவில்லை.

அடுத்த வருட ஆடியில் ஒருநாள் அவள் வந்து வித்தியாசமாக ஒன்று சொன்னாள்.

“சிஸ்டர், நடவுக் கூட்டத்துல நாலு பேரு காலுல மெட்டி இல்ல.”

“ஏன்?”

“கேட்டா, சேத்துல நழுவிடும்னு கழட்டி வச்சோம்ங்கிறாங்க. இருவது வருசமா நழுவாத மெட்டி இப்ப எப்படி நழுவும்? விரலு உப்பியிருக்கு. அதான் ஏற மாட்டேங்குது. புருசன் இருக்கறப்ப மெட்டியில்லாம இருக்கோம்னு வெளிய சொல்லக் கூச்சப்படுறாங்க. காலையில மூஞ்சியும் ஒரு மாதிரி ஊதிக் கெடக்கு.”

வானதிக்குப் படித்தது நினைவுக்கு வந்தது. ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று காலில் லேசாக வீக்கம் தரும். அதோடு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை வைக்கச் சொல்லுங்கள் என்றாள். தங்கமணி தலையாட்டவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

“எனக்கு என்னமோ சரியாப் படல சிஸ்டர். சொல்லத் தெரியல.”

“டாக்டர்ட்ட கேக்குறேன்க்கா.”

கேட்க வேண்டும் என்றுதான் இருந்தாள். அந்த வாரம் காய்ச்சல் முகாம்கள் வந்துவிட்டன.

ஆடிப்பெருக்கு கழிந்த மூன்றாம் நாள் தங்கமணி போன் செய்தாள். குளத்துக் கரைக்கு ஓடிவந்து பேசுகிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. ராஜாத்தி இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறாள், வேலைக்குப் போகவில்லை, பிரஷர் பார்த்தால் தொண்ணூறுக்குக் கீழே காட்டுகிறது. வானதி போனபோது ராஜாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொலுசு கணுக்காலில் புதைந்து, சுற்றிலும் சதை மேடிட்டிருந்தது. கையை வைத்து அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

“யூரின் போச்சாக்கா?”

ராஜாத்தி களைப்போடு சிரித்தாள். “அது முந்தாநாள்லேருந்து வரவே இல்லீங்க. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். ஒதுங்குற பாடு இல்லல்ல.”

வானதி வாசலுக்கு வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே டயாலிசிஸ் போட்டார்கள். ராஜாத்தி பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலை இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆஸ்பத்திரியில் கேட்டார்கள் என்று அவள் புருஷன், அவள் வேலைக்கு எடுத்துப்போகும் பையை வானதியிடம் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்ட மருந்தெல்லாம் இதில்தான் இருக்கும் என்றார். தூக்குச்சட்டி, துண்டு, வெற்றிலைப் பை. அதற்குள் செய்தித்தாளில் மடித்த மஞ்சள் மாத்திரைகள் ஆறு. வானதி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தாங்கள் கொடுத்தவை எல்லாம் வெள்ளை.

தங்கமணி பக்கத்தில் நின்றாள்.

“இது என்னக்கா?”

“அதுவா? டீ மாத்திரைங்க.”

“டீ மாத்திரையா?”

“பஞ்சநதம் அண்ணன் டீயோட குடுப்பாரு. இடுப்பு வலிக்கு. அது இல்லாட்டி அத்தனை வயலு எப்படி நடுறது? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போடவும் ரெண்டொண்ணு வாங்கிக்குவாங்க.”

“எத்தனை வருசமா?”

“வடநாட்டு ஆளுங்க வந்ததுலேருந்து. ரெண்டு மூணு வருசம் இருக்கும்.”

“நான் வேற மருந்து சாப்பிடுறாங்களான்னு கேட்டேன்லக்கா.”

தங்கமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவள் முகம் மாறுவதை வானதி பார்த்தாள். வெற்றிலை போடுகிறாயா என்று யாரும் மருந்துக் கணக்கில் கேட்பதில்லை. டீ குடிக்கிறாயா என்று கேட்பதில்லை. அந்த மாத்திரை டீயோடு வந்தது, டீயோடு போயிற்று. மருந்து என்பது ஆஸ்பத்திரியில் கொடுப்பது, நூல் கட்டியது, நோட்டில் எழுதியது.

“எல்லாரும் போடுறாங்களா?”

“எல்லாரும் போடுவோம்.”

“போடுவோம்னா?”

“நானுந்தாங்க.”

தங்கமணிக்கும் ரத்த அழுத்தம் உண்டு. மூன்று வருடமாக மாத்திரை எடுக்கிறாள். வானதியின் கண் அவள் காலுக்குப் போனது. இரண்டாம் விரலில் மெட்டி இருந்த இடத்தில் வெளிறிய தடம் மட்டும் இருந்தது.

அன்று மாலை வானதி செல்போனில் அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். ராஜாத்தியின் உள்ளங்கையில் சேற்றுக் கோடுகளுக்கு நடுவே வெள்ளையாக இரண்டு, மஞ்சளாக ஒன்று. முப்பது பேர் கைதட்டிய போட்டோ.

டாக்டர் பூர்ணிமா எதையும் மறைக்காமல் சொன்னார். பிரஷர் மாத்திரை, அதோடு சேர்த்துத் தரும் நீர் பிரிக்கும் மாத்திரை, டீயோடு வந்த வலி மாத்திரை. மூன்றும் ஒன்றாக உள்ளே போய், வெயிலில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நின்றால் சிறுநீரகம் தாங்காது. முன்பெல்லாம் பிரஷர் மாத்திரையைப் பாதி நாள் மறந்ததால் தப்பித்தார்கள். “நாமதான் மறக்காமப் பாத்துக்கிட்டோம்” என்றார். ‘நீ’ என்று சொல்லாமல் ‘நாம’ என்று சொன்னதை வானதி கவனித்தாள். ஆறுதலாக இல்லை.

கூட்டத்தில் மிச்சம் இருபத்தொரு பேர். அத்தனை பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். புரட்டாசியில் சம்பா நடவு தொடங்கினால் மறுபடி வண்டி, வெயில், டப்பா. அதற்கு முன்னால் இருந்தது பதினெட்டு நாள்.

ஆனால் அதற்குள் ஊரில் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. தங்கமணி கொடுத்த கவர்மெண்ட் மாத்திரைதான் ராஜாத்தியைக் கொன்றது. இதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. நான்கு வீட்டில் மாத்திரை அட்டைகளை நூலோடு வாய்க்காலில் வீசினார்கள். ஒருத்தி தங்கமணி வீட்டு வாசலில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். பஞ்சநதம் நேரில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலும் உயரவில்லை.

“தங்கச்சி, நான் என்ன விஷமா குடுத்தேன்? நானும்தான் தெனம் ரெண்டு போடுறேன். நீ ரத்தம் எடுக்குறேன், கித்தம் எடுக்குறேன்னு ஆளைக் கலைச்சு வுட்டா, சம்பாவுக்கு வடநாட்டான் வந்து எறங்கிடுவான். அப்புறம் இவளுவளுக்கு யாரு வேலை குடுக்குறது? உங்க சிஸ்டரா?”

“நீங்களும் வந்து ரத்தம் குடுங்கண்ணே” என்றாள் தங்கமணி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் வீடு வீடாகப் போனாள். பல வீட்டில் கதவு திறக்கவில்லை. திறந்த இடத்தில் கேட்டதெல்லாம் காது கூசும் பேச்சு. “ஒருத்தியை அனுப்பிச்சது பத்தலையா? இன்னும் யாரைக் கூப்புட வந்துருக்கே?” இதை ராஜாத்தியின் அம்மாவே கேட்டாள். தங்கமணி அந்த வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்ததாக வேறு யாரோ வானதியிடம் சொன்னார்கள். தங்கமணி சொல்லவில்லை. அவள் செய்த தப்பை அவள் எங்கும் மறைக்கவும் இல்லை. ‘நான் கேட்ட கேள்வி தப்பு. டீ மாத்திரையைப் பத்திக் கேட்டிருக்கணும், கேக்கல. நானே முழுங்கிக்கிட்டு இருந்தேன்’ என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அந்தக் கேள்வியை அவளுக்கு அப்படிச் சுருக்கித் தந்தது தான்தான் என்று வானதி ஒருநாள் அவளிடம் சொன்னாள். சுற்றறிக்கையின் மூன்று வரிகளையும் சொன்னாள். தங்கமணி கேட்டுக்கொண்டாள். “இனிமே அதை வச்சு என்ன செய்யுறது சிஸ்டர். ஆளுங்களைக் கொண்டாருவோம்” என்றாள்.

ஆவணி மூன்றாம் ஞாயிறு, மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் பூர்ணிமா, ஆய்வகத்திலிருந்து ஒருவர், வானதி. ஒன்பது மணி வரை ஒருவரும் வரவில்லை. பெண்கள் தூரத்தில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். தங்கமணி நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்களைப் பார்த்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“மொதக் குழாயில என் பேரை எழுதுங்க சிஸ்டர். நல்லா தூக்கிக் காட்டுங்க, அவளுவளுக்குத் தெரியட்டும்.”

பன்னிரண்டு மணிக்குள் இருபத்தொரு குழாயும் நிரம்பியது. கடைசியில் வந்தது பஞ்சநதம். அவருடையது இருபத்திரண்டு.

முடிவுகள் புதன்கிழமை மதியம் வானதியின் செல்போனுக்கு வந்தன. குழாய் எண் வரிசையில் இருந்ததால் முதல் வரி தங்கமணியுடையது. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் அந்த எண்ணை ஒருமுறைதான் படித்தாள். மறுபடி படிக்கத் தேவையில்லாத எண்.

இப்போது தங்கமணி திங்களும் வியாழனும் தஞ்சாவூர் போகிறாள். காலை ஆறரை பஸ். நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வரும்போது பேச முடியாது, மறுநாள் பேசுவாள். துரைராசு ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போனார். தன்னார்வலர் வேலைக்கு வேறொருத்தி வந்திருக்கிறாள். டீ மாத்திரையைப் பற்றிக் கேட்கிறாள், பெயர் சொல்லியே கேட்கிறாள். இல்லை என்கிறார்கள். பஞ்சநதம் டப்பாவை விட்டுவிட்டார். சம்பாவில் பாதி வயல் வடக்கத்தி ஆட்களுக்குப் போய்விட்டது. மிச்ச வயலில் இருக்கும் பெண்கள் மாத்திரையைத் தாங்களே கடையில் வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டுபோவதாக ஒரு பேச்சு இருக்கிறது. யார் முந்தானையை யார் அவிழ்த்துப் பார்ப்பது?

அன்று வந்த ரத்தப் பட்டியலில் தேறாமல் போனவர்கள் ஆறு பேர். தங்கமணி தவிர மற்ற ஐந்து பேரும் அந்த வாரமே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேருக்கு எண் இறங்கியிருக்கிறது. ஐந்தாமவளுக்கு இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

தங்கமணியிடம் அவளுடைய எண்ணை வானதி சொன்னது சனிக்கிழமை மாலை. புதனிலிருந்து சனி வரை அதை அவள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளைப் பற்றி டாக்டர் பூர்ணிமா ஒரே ஒருமுறை கேட்டார். வானதி நடந்ததைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காது வானதி” என்றார். அது உண்மையா, தனக்காகச் சொன்னதா என்று வானதி அதன்பின் கேட்கவில்லை.

புதன்கிழமை நடந்தது இது. பட்டியல் வந்த அரை மணி நேரத்தில் தங்கமணி உள்ளே வந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் உட்காரவில்லை.

“லிஸ்டு வந்துடுச்சா சிஸ்டர்?”

“வந்துடுச்சுக்கா.”

“எத்தனை பேருக்கு மோசம்?”

“ஆறு பேரு. உடனே போகணும். அட்மிட் ஆக வேண்டியிருக்கும்.”

“பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் முடியும். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சாக்கு சொல்லுவாளுவ.”

வானதி படித்தாள். தங்கமணி ஒவ்வொரு பெயருக்கும் கட்டைவிரலை ஒரு விரல்கணு நகர்த்தி எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது பெயரோடு வானதி நிறுத்திவிட்டாள். தங்கமணியின் கட்டைவிரல் அடுத்த கணுவில் காத்திருந்தது.

“ஆறுன்னீங்க.”

வானதி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமணி விரலை எடுத்துக்கொண்டாள். கூடையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அவள் குரல், மாத்திரை தீர்ந்துபோன கணக்கைச் சொல்லும்போது இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

“அந்த ஆறாவது பேரை இப்பப் படிக்காதீங்க சிஸ்டர். படிச்சுட்டீங்கன்னா என் காலு இந்த வாசலைத் தாண்டாது. மொதல்ல இந்த அஞ்சு பேரையும் வண்டியேத்தி விட்டுட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் படிங்க.”